ஆவணியில் முடியும் எட்டாம் வகுப்பு

கல்வராயன் மலையில் கல்லுமேடு என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆண்டாள் டீச்சர் தலைமை ஆசிரியையாகப் போன முதல் வருடம், கார்த்திகை மாதத்தில் ஒருநாள் வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். பதிவேட்டில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. எதிரே ஆறு பிள்ளைகள்தான் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் அப்பா அம்மாவோடு சாமை அறுக்கக் காட்டுக் கொட்டாய்களுக்குக் குடிபோயிருந்தார்கள். தை பிறந்துதான் வருவார்கள். அதற்குள் அரையாண்டுப் பரீட்சை முடிந்திருக்கும். வந்ததும் பாடம் எங்கே போகிறதென்று தெரியாமல் விழிப்பார்கள். சித்திரைக்குள் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

எண்பத்தாறில் புதிய தேசியக் கல்விக் கொள்கை வந்தது. அந்தந்த ஊருக்கு ஏற்றபடி பாடத்தையும் விடுமுறையையும் மாற்றிக்கொள்ளும் சோதனைக்குச் சில பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தபோது, ஆண்டாள் தானாக எழுதிக் கேட்டு கல்லுமேட்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்தாள். சாமை அறுப்புக்கு இரண்டு மாதம் லீவு விட்டாள். அதற்கு ஈடாக மே மாதம் முழுக்கப் பள்ளி நடந்தது. கல்லுமேட்டின் படிப்பு வருடம் செப்டம்பரில் தொடங்கி, ஆவணி பிறக்கும் சமயத்தில் முடிந்தது.

பிள்ளைகள் மாறிப்போனார்கள். கிலோ, லிட்டர் என்றால் வாயைத் திறக்காதவர்கள், ஊரில் தானியம் அளக்கும் வள்ளத்தில் கணக்குக் கேட்டதும் விரலை மடக்காமல் பதில் சொன்னார்கள். வள்ளத்தை லிட்டராக்க ஒரு வாரம்தான் ஆயிற்று. பின்னம் என்ற பெயரைச் சொல்லாமலே, தேன் எடுத்தால் பாறையில் இறங்கியவனுக்கு எத்தனை பங்கு, மேலே கயிறு பிடித்த மச்சானுக்கு எத்தனை பங்கு என்று கேட்டுக் கேட்டு ஆண்டாள் பின்னத்தை முடித்துவிட்டாள். அந்த வாரம் ஊரில் எது நடக்கிறதோ அதுதான் பாடம். மாடு கன்று போட்டால் அறிவியல், ஊர்ப் பஞ்சாயத்து கூடினால் வரலாறு. நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூட இடையில் நிற்கவில்லை. மாதக் கூட்டத்தில் கல்வி அதிகாரி எழுந்து நின்று அவளுக்காகக் கை தட்டினார்.

அந்த நாற்பத்தொரு பேரில் மாரி தனி. பதினாலு வயது, எட்டாம் வகுப்பு. வாய் அகலமான ஒரு கண்ணாடி பாட்டிலில் அங்குலக் கோடு போட்டுக் கூரைமேல் கட்டி, ஒரு வருடம் முழுக்க மழையை அளந்து எழுதினாள். இத்தனை மழை பெய்தால் இத்தனை மணி நேரத்தில் ஓடை பெருகி பாதை மூழ்கும் என்று கட்டம் போட்ட தாளில் வரைந்து காட்டினாள். ஐப்பசியில் ஒருநாள் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, டீச்சர், இப்பவே இறங்கிடுங்க, மேல வெள்ளிமலைப் பக்கம் கருத்துக்கினு இருக்கு, நாலு மணிக்கு ஓடை தாண்ட முடியாது என்றாள். ஆண்டாள் கிளம்பினாள். நாலரை மணிக்கு ஓடை ஒரு மாட்டை அடித்துக்கொண்டு போனதை மறுநாள் கேள்விப்பட்டாள்.

மாரி நர்ஸுக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் அப்பா மாதனின் ஆசை. அதற்குப் பத்தாவது முடிக்க வேண்டும். மலையில் எட்டு வரைக்கும்தான். கீழே கள்ளக்குறிச்சியில் விடுதியோடு ஒரு பெண்கள் பள்ளி இருந்தது. மலைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடங்கள் அங்கே வருடா வருடம் காலியாகக் கிடந்தன. எட்டாவது தேறியதாக ஒரு மாற்றுச் சான்றிதழ் கொண்டுபோனால் சேர்த்துக்கொள்வார்கள். ஜூனில் சேர்க்க வேண்டும். அந்த வருடம், எண்பத்தெட்டில், முந்தின வருடம் போல மறுபடியும் இட ஒதுக்கீட்டு மறியல் என்ற பேச்சில் பஸ்கள் விட்டுவிட்டு ஓடியதால் ஜூலை பதினைந்து வரைக்கும் நாள் கொடுத்திருந்தார்கள்.

ஜூன் பத்தாம் தேதி மாதன் பள்ளிக்கூடத்துக்கு வந்து டி.சி. கேட்டார். வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று ஆண்டாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். அவர் போகவில்லை. துண்டைக் கையில் சுற்றியபடி, யாருக்கும் சொல்லாத விஷயத்தை அவளிடம் சொன்னார்.

மாரியின் தாய்மாமன் சின்னக்கண்ணுவுக்கு இருபத்தெட்டு வயது. மலையில் தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை. அவன் வேண்டாம் என்று வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தால்தான் பெண்ணுக்கு வேறு வழி. மூன்று வருடமாக அவன் கேட்டுக்கொண்டிருந்தான். போன தை மாதம் ஊர் நடுவில் உட்கார்ந்து ஒரு பேச்சு முடித்திருந்தார்கள். பெண் படிக்க மலை இறங்கிவிட்டால் சின்னக்கண்ணு விட்டுக்கொடுத்துவிடுவான். ஆடி முடிந்தும் பெண் மலையிலேயே இருந்தால் ஆவணி முதல் முகூர்த்தத்தில் அவனுக்கு. மாதன் அதற்கு ஒப்புக்கொண்டு இரண்டு கையாலும் வெற்றிலை வாங்கியிருந்தார்.

“ஆடி முடியறதுக்குள்ள பாப்பா எறங்கிடணுங்க டீச்சரம்மா. அப்புறம் எம் பேச்சு நிக்காதுங்க.”

“நான் இருக்கேன்ல மாதன்? அவ எம் பொண்ணு மாதிரி. கவலைப்படாம போங்க” என்றாள் ஆண்டாள்.

அவள் மனசாரத்தான் சொன்னாள். ஆனால் அன்று காலைதான் ஒரு கடிதம் வந்திருந்தது. ஆகஸ்ட் பத்தாம் தேதி டெல்லியிலிருந்து ஒரு குழு கல்லுமேட்டுக்கு வருகிறது. இங்கே பாடம் நடக்கும் விதம் அவர்களுக்குப் பிடித்துப்போனால் மலையிலுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் இதே முறை வரும். எட்டாம் வகுப்பில் இருப்பதே ஐந்து பேர். மாரிக்கு ஜூனில் டி.சி. கொடுத்தால் மற்ற நாலு பேரும் கேட்பார்கள். குழு வரும்போது எட்டாம் வகுப்பே இருக்காது. மழைக் கணக்கை எடுத்துச் சொல்ல மாரி இருக்க மாட்டாள். அதோடு, சாமைக்குத் தகுந்தபடி வருடத்தை மாற்றினோம், கீழே சேர்க்க மட்டும் பழைய தேதிக்கு ஓடினோம் என்று ஆகிவிடும். புதிய முறை ஓட்டை என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல அது அவளுக்குத் தோன்றியது.

குழுத் தலைவர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் ஆகஸ்டில் சேர்க்க மாட்டார்களா? எந்தப் பிள்ளையும் எந்தச் சமயத்திலும் சேரலாம் என்பதுதானே இந்தப் புதுக் கொள்கையின் உயிரே. இப்படி நினைத்ததும் அவளுக்கு நிம்மதியாகிவிட்டது.

ஜூலை பத்து, ஞாயிற்றுக்கிழமை. ஆண்டாள் கச்சிராயபாளையத்தில் தன் வீட்டில் இருந்தாள். வாரத்தில் ஐந்து நாள் மலை, சனி ஞாயிறு வீடு. மகள் சந்தியாவுக்கும் பதினாலு வயதுதான். ஜூன் மாதமே கள்ளக்குறிச்சியில் அதே பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து புதுப் புத்தகங்களுக்குக் காக்கி அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

கணவன் கொளஞ்சியப்பன் அப்போதுதான் கரும்புக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்திருந்தான். போன செப்டம்பரில், இட ஒதுக்கீடு கேட்டு நடந்த ஒரு வார மறியலில், ரோட்டில் படுத்து அடிபட்டவன். இடது முழங்கை இன்னும் முழுதாக நீளவில்லை. இருபத்திரண்டு நாள் கடலூர் ஜெயிலில் இருந்தான். மாதம் ஒருமுறை கள்ளக்குறிச்சிக் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போய்வந்தான். அவன் ஜெயிலில் இருந்த நாட்களில் ஆண்டாள் ஒருவேளைதான் சாப்பிட்டாள். வந்த அன்று அந்த முழங்கைக்கு வேப்பெண்ணெய் தடவியபடி, இனிமேல் என்னை விட்டுட்டு எங்கயும் போகாதீங்க என்று அழுதாள். அப்படிப்பட்ட குடும்பம் அது.

மாதனும் மாரியும் வாசலில் வந்து நின்றார்கள். மலையிலிருந்து விடியற்காலையில் நடக்கத் தொடங்கி வெள்ளிமலையில் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். மாரி தலைக்கு எண்ணெய் வைத்து, சந்தியாவின் பழைய பாவாடையை உடுத்தியிருந்தாள். ஆண்டாள் போன தீபாவளிக்குக் கொடுத்தது.

ஆண்டாள் அவர்களை உள்ளே உட்காரவைத்து இட்லி போட்டாள். மாரிக்குத் தன் கையால் இன்னும் இரண்டு வைத்தாள். மாதன் தட்டை ஒதுக்கிவிட்டு விஷயத்துக்கு வந்தார். வெள்ளிக்கிழமையோடு சேர்க்கை முடிகிறது. விடுதியில் போன வாரமே கேட்டு வைத்திருக்கிறார். இடம் இருக்கிறது. டி.சி. ஒன்றுதான் வேண்டும்.

“முத்திரை பள்ளிக்கூடத்துல இருக்கு மாதன். முத்திரை இல்லாம கையெழுத்து மட்டும் போட்டா செல்லாது. நாளைக்கு மேல வந்து பாக்கறேன். அப்படியே தள்ளிப்போனாலும் பயமில்ல. ஆகஸ்டுல பெரிய ஆளுங்க வராங்க. அவங்களே மாரியைக் கொண்டுபோய்ச் சேப்பாங்க” என்றாள் ஆண்டாள்.

மாதன் மாரியைப் பார்த்தார். மாரி டீச்சரைப் பார்த்தாள். அவளுக்கு டீச்சர் சொல்வதில் சந்தேகமே வந்ததில்லை. அப்பா, டீச்சர் பாத்துக்குவாங்க என்று எழுந்துகொண்டாள். போகும்போது சந்தியாவின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துக் கேட்டாள்: “இது எங்களுக்கு எப்பக்கா வரும்?”

“உங்களுக்கு இதெல்லாம் கெடையாது. உங்களுக்குத்தான் தேன் கணக்கு இருக்கே” என்றாள் சந்தியா.

மாரி சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர்கள் போனபிறகு கொளஞ்சியப்பன் மூக்குக்கண்ணாடி தேடி ஆண்டாளின் பையைக் கிளறினான். கையில் வந்தது முத்திரை. மைப்பெட்டியோடு சேர்த்துத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். எங்கே போனாலும் அதைப் பையிலேயே வைத்திருப்பது அவள் வழக்கம். அவன் அதை அம்மியின்மேல் வைத்தான்.

“இன்னா ஆண்டாளு இது?”

அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எங்களுக்கு எடம் குடுன்னு ரோட்டுல படுத்தோம். கையை ஒடச்சாங்க. இருபத்தியோரு பேரு செத்துப்போனான். மலைப் பிள்ளைங்களுக்கு எடம் இருக்குது. காலியா இருக்குது. நீ ஒரு முத்திரை குத்தினா போதும். குத்தமாட்டேன்ற.”

“உங்களுக்குத் தெரியாதுங்க. ஒரு மாசம்தான். மலை முழுக்க மாறப்போகுது. ஆயிரம் பிள்ளைங்க படிக்கப் போறாங்க.”

“சந்தியாவை ஜூன்ல சேத்துட்டியே. அதுக்கு ஒரு மாசம் பொறுக்கலியே நீ.”

“சந்தியா படிக்கறது வேற பள்ளிக்கூடம்” என்றாள் ஆண்டாள். குரல் உயரவில்லை. அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்படிச் சாப்பிட்டது மணமான பதினாறு வருடத்தில் அது முதல் தடவை. திங்கள்கிழமை அவனே சைக்கிளில் அவளை பஸ் ஏற்றிவிட்டான். ஏறும்போது, அந்தப் பொண்ணு விஷயத்தை மறந்துடாத என்று மட்டும் சொன்னான். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் குழுவுக்காகச் சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று.

ஆகஸ்ட் பத்தாம் தேதி இரண்டு ஜீப்பில் குழு வந்தது. தலைவர் நரைத்த தலை, பருத்திச் சேலை, தமிழ் தெரியாத அம்மாள். கூட வந்தவர் மொழிபெயர்த்தார். மாரி மழைத் தாளைச் சுவரில் ஒட்டி, ஒரு குச்சியை வைத்துக்கொண்டு விளக்கினாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். ஒரு கேள்விக்கு மட்டும் சற்று யோசித்துவிட்டு, அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் அளந்தாதான் சொல்ல முடியுங்க என்றாள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் அந்த அம்மாள் எழுந்து வந்து மாரியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். இருபது வருட வேலையில் இப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததில்லை என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆண்டாளுக்கும் கலங்கியது. கல்வி அதிகாரி ஆண்டாளிடம் மெதுவாக, இந்த வருடம் நல்லாசிரியர் விருதுக்கு உங்கள் பெயரை எழுதப்போகிறேன் என்றார்.

ஜீப் கிளம்பும் நேரத்தில் ஆண்டாள் தயங்கித் தயங்கி மாரியின் சேர்க்கையைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மாள் உடனே பையிலிருந்து தாள் எடுத்து ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாளே ஆண்டாள் அதை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனாள். பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை கமலா கடிதத்தை இரண்டு முறை படித்தார். நல்ல கடிதம் என்றார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“டீச்சர், உங்க மலைக்குச் சலுகை குடுத்திருக்காங்க. எனக்குக் குடுக்கலை. சேர்க்கைப் பட்டியல் ஜூலையிலயே போயிடுச்சு. விடுதியில அந்த எடத்துக்கு அரிசி ஒதுக்கறதையே நிறுத்திட்டாங்க. அடுத்த ஜூன்ல கூட்டிக்கிட்டு வாங்க, முதல் பேரா எழுதிக்கறேன். இத்தனை நாள் டி.சி. குடுக்காம யாரு வெச்சிருந்தது?”

ஆண்டாள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்து மரத்தடியில் நின்றாள். ஒரு வருடம்தானே என்று நினைத்துக்கொண்டாள். வகுப்பு ஜன்னல் வழியாக சந்தியா அம்மாவைப் பார்த்துக் கையசைத்தாள்.

ஆடி முடிய ஐந்து நாள் இருந்தது. மலைக்குப் போனதும் ஆண்டாள் மாதனின் வீட்டுக்கு நடந்தாள். வீட்டு முன்னால் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கியிருந்தது. மாதன் அவளுக்குப் பாய் போட்டார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அவள் கடிதத்தைக் காட்டி, அடுத்த ஜூனில் நிச்சயம், முதல் பெயர் என்றாள். பதினாலு வயதில் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம் என்றாள். சின்னக்கண்ணுவிடம் தானே பேசுகிறேன் என்றாள். மாதன் முடியும்வரை கேட்டார்.

“நாங்க வெத்தல மாத்தினது ஆடிக்குங்க டீச்சரம்மா. நீங்க ஆவணின்னு வெச்சிக்கினீங்க. ஊரு நடுவுல ஒக்காந்து பேசினது. இப்ப மாத்திப் பேசினா அடுத்த பொண்ணுக்கும் யாரும் எம் பேச்சை நம்பமாட்டாங்க. எவ்ளோ படிச்சாலும் நாங்க இங்கதானே இருக்கணும்.”

“நான் ஸ்டேஷன்ல சொன்னா இது நின்னுடும் மாதன்.”

“சொல்லுங்க” என்றார் மாதன். “சொன்னா நல்லதுங்க. எம் பேச்சும் கெடாது. அரசாங்கம் தடுத்துட்டுதுன்னு சின்னக்கண்ணுகிட்ட சொல்லிக்கலாம்.”

அவர் கேட்டதே அதுதான் என்று ஆண்டாளுக்கு ஓடை தாண்டிய பிறகுதான் புரிந்தது. புகார் எழுத அன்று மாலையே உட்கார்ந்தாள். பெண்ணின் பெயர், வயது, படிக்கும் பள்ளி என்று எழுத வேண்டியிருந்தது. பள்ளியின் பெயரை எழுதும் இடத்தில் பேனா நின்றது. குழு இன்னும் அறிக்கையை முடிக்கவில்லை. அறிக்கையில் மாரியின் பெயர் வருகிறது. சோதனைப் பள்ளியின் முதல் மாணவிக்கு எட்டாம் வகுப்பு முடியும் முன்பே கல்யாணம் என்று பேப்பரில் வந்தால்? அவள் அந்தத் தாளை மடித்து வைத்தாள். யோசித்துச் செய்யலாம் என்று நினைத்தாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் ஆவணி பிறந்துவிட்டது.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் கல்வி அதிகாரியிடமிருந்து ஒரு படிவம் வந்தது. வருட முடிவுக் கணக்கு. சேர்ந்தவர் எத்தனை, தேறியவர் எத்தனை, இடையில் நின்றவர் எத்தனை. கல்லுமேட்டில் இடைநிற்றல் இல்லை என்பதைத்தான் குழு முதல் வரியில் எழுதப்போகிறது என்று அதிகாரி தனியாகவும் ஒரு குறிப்பு வைத்திருந்தார். குழு வந்துபோனதிலிருந்து மாரி பள்ளிக்கு வரவில்லை.

ஆண்டாள் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்தாள். மாரி, தந்தை பெயர் மாதன், எட்டாம் வகுப்பு தேர்ச்சி. பள்ளியை விட்டு விலகும் காரணம் என்ற இடத்தில், மேற்படிப்பு என்று எழுதினாள். விலகிய நாள் என்ற இடத்தில் சற்று யோசித்து ஜூன் பத்து என்று போட்டாள். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள். ஐந்து நிமிட வேலை. இடையில் நின்றவர் என்ற கட்டத்தில் சுழி எழுதினாள்.

கல்யாணத்துக்கு ஒரு பட்டுச் சேலை வாங்கிக்கொண்டு போனாள். உண்மையாகவே நல்ல சேலை. சந்தியாவுக்கு வாங்கியிருந்தாலும் அதே தரத்தில்தான் வாங்கியிருப்பாள். பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் பந்தலில் இருந்தார்கள். எத்தனை வள்ளம் சாமை வெந்திருக்கும், எத்தனை பேருக்குப் போதும் என்று பழக்கத்தில் தங்களுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னக்கண்ணு டீச்சரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான். மாரி உள்ளே கூடைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மஞ்சள். கழுத்தில் தாலி ஏறி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஆண்டாள் அவளை அணைத்துக்கொண்டாள். சேலையை மடியில் வைத்தாள். இதையும் பத்திரமா வெச்சுக்கம்மா, எப்பவாவது ஒதவும் என்று சான்றிதழைக் கொடுத்தாள். மாரி அதைப் பிரித்து, எதையும் விடாமல் மேலிருந்து கீழ்வரை படித்தாள். படிப்பதில் அவள் எப்போதும் அப்படித்தான்.

“ஜூன் பத்துன்னு போட்டிருக்கீங்க டீச்சர்.”

“ஆமாம்மா. பழைய தேதி போட்டாலும் செல்லும்.”

“அன்னிக்கித்தானே அப்பா வந்து கேட்டாரு?”

ஆண்டாள் தலையசைத்தாள்.

“அன்னிக்கே குடுத்திருந்தாலும் செல்லியிருக்குமா டீச்சர்?”

மாரி அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. மழைக் கணக்கில் ஒரு நாளின் அளவு மற்ற நாட்களோடு பொருந்தாவிட்டால் எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டாள். விடை தெரிந்தால் எழுதிக்கொள்வதற்குத் தயாராக இருப்பவள் போல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மேளம் அடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும் நேரம் ஆகிவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

“செல்லியிருக்கும்” என்றாள் ஆண்டாள்.

பிறகு பையைத் திறந்து பள்ளியில் வைத்துக்கொள்ளும் சான்றிதழின் அடிக்கட்டையை எடுத்து மாரியின் முன்னால் வைத்தாள். வாங்கிக்கொண்டவர் கையெழுத்து இல்லாமல் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்க முடியாது. எந்த இடத்தில் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினாள். மாரி மஞ்சள் ஒட்டாமலிருக்கக் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள்.